பிளஸ் 2, கட் ஆஃப், நீட்: இவற்றை அப்பா அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி கேட்டவர்: தறிக்காரர் மகள், பல்லடம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். அப்பா எட்டுத் தறி வைத்துக்கொண்டு கூலிக்குக் காடாத் துணி ஓட்டுகிறார். அம்மா வீட்டு வேலை முடிந்த நேரமெல்லாம் தார் சுற்றுகிறார். அப்பா எட்டாம் வகுப்பு வரையும் அம்மா ஐந்தாம் வகுப்பு வரையும் படித்தவர்கள். நான் பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் விண்ணப்பம் வாங்கினோம், மதிப்பெண் பட்டியலை இணைத்துக் கொடுத்தோம், இடம் கிடைத்துவிட்டது. ஆகவே வீட்டில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

தம்பி இப்போது பிளஸ் 2 படிக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு. அரையாண்டுத் தேர்வில் 600-க்கு 520 வாங்கியவன், அதே மாதத்தில் எழுதிய நீட் மாதிரித் தேர்வில் 720-க்கு 190 வாங்கினான். அப்பா தறிக் குடோனில் நின்றுகொண்டு இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஒண்ணுல இத்தன வாங்குறவன் இன்னொண்ணுல எப்படி இத்துனூண்டு வாங்குவான்? ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தான இருக்கோணும்?" என்று கேட்டார். அதற்குச் சரியான பதில் எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிவிட்டால் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே, எதற்கு இன்னொரு பரீட்சை என்பது அவருடைய அடுத்த கேள்வி. இதற்கு நடுவில் மாமா வந்து, நாமக்கல் பக்கம் ஒரு வருடம் கோச்சிங்கில் போட்டுவிடலாம் என்று சொல்லிப் போய்விட்டார். அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

பெற்றோருக்கு இதையெல்லாம் எந்த வரிசையில், எந்தச் சொற்களில் சொன்னால் விளங்கும்? கூடவே ஒரு சந்தேகம்: முதல் பட்டதாரிச் சலுகை தம்பிக்குக் கிடைக்குமா?

பதில் 1: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கோபி

அம்மணி, உங்கள் அப்பா கேட்ட இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். முப்பது ஆண்டுகள் பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களைப் போன்றவர்கள் வேகவேகமாகப் பேசும்போது அவர்கள் தலையாட்டுவது புரிந்ததனால் அன்று, வாத்தியாரிடம் எப்படித் திரும்பக் கேட்பது என்ற கூச்சத்தினால்.

எதற்கு இன்னொரு பரீட்சை என்ற கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் பொறியியலுக்கும் ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டத்தினால் அது நீங்கி, மறு ஆண்டிலிருந்து பிளஸ் 2 மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடந்து வருகிறது. வேளாண்மை, கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், கலை அறிவியல் பட்டப்படிப்புகள் ஆகியவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் இன்னமும் பிளஸ் 2 மதிப்பெண்தான் சாவி. எனவே அப்பா நினைப்பது பெரும்பாலான படிப்புகளுக்குச் சரியே. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் போன்றவற்றுக்கு நீட் தேர்வும், திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. தேர்வும், திருவாரூரில் உள்ளது போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் தேர்வும் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. எதற்கெல்லாம் இன்னொரு பரீட்சை தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு தேவைப்படுகிறவற்றுக்கு வந்தால் பயம் பாதியாகிவிடும்.

அடுத்தது, தேர்ச்சி வேறு, கட் ஆஃப் வேறு, தரவரிசை வேறு என்பது. பாடத்துக்கு 35 வாங்கினால் தேர்ச்சி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய மலை அன்று, 2024-இல் 97.45 சதவீதத்துடன் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது திருப்பூர் மாவட்டம். எல்லாரும் தேறிவிடுகிறார்கள் என்பதனால்தான் தேர்ச்சியை வைத்து யாருக்கும் இடம் கொடுக்க முடிவதில்லை. பொறியியலுக்கான கட் ஆஃபை அவர் கண் முன்னால் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். கணிதம் 90 என்றால் அப்படியே 90. இயற்பியல் 84 என்றால் அதில் பாதி 42. வேதியியல் 86 என்றால் அதில் பாதி 43. மொத்தம் 200-க்கு 175. இதில் பெற்றோரைக் குழப்புவது ஒன்று உண்டு. மாணவன் வாங்கிய இந்த 175-ஐயும் கட் ஆஃப் என்கிறோம். ஒரு கல்லூரியில் சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவர் வைத்திருந்த மதிப்பெண்ணையும் கட் ஆஃப் என்கிறோம். முன்னது பையனுடையது, அவன் விடைத்தாளில் எழுதியது. பின்னது கல்லூரியுடையது, ஆண்டுக்கு ஆண்டு, சாதிப் பிரிவுக்குப் பிரிவு, பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு மாறுவது. உறவினர்கள் இதை அதனோடு சேர்த்துப் பேசும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது. நான் என் வகுப்பில் முன்னதை 'நம்ம மார்க்' என்றும் பின்னதைக் 'கடைசி மார்க்' என்றும் சொல்லிப் பழக்கிவிட்டேன்.

தரவரிசைக்கு ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைச் சொல்வேன். மூட்டையின் எடை எங்கே நிறுத்தாலும் அதே எடைதான். ஆனால் விலை, அன்றைக்கு எத்தனை மூட்டை வந்தது, எப்படிப்பட்ட சரக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. மதிப்பெண் எடையைப் போல. தரவரிசை விலையைப் போல. ஜே.இ.இ. மெயின் தேர்வில் வரும் 'பர்சன்டைல்' இந்த இரண்டாவது வகை. 99 பர்சன்டைல் என்று பையன் சொன்னால் நூற்றுக்கு 99 மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று அம்மா ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்துவிடக் கூடும். எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேர் அவன் அளவிலோ அவனுக்குக் கீழோ இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். 2025-இல் அந்தத் தேர்வை 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள் என்பதனால், 99 பர்சன்டைலுக்கு மேலேயும் ஏறத்தாழ 14,000 பேர் நிற்பார்கள்.

இனி 520-க்கும் 190-க்கும் உள்ள வழக்கு. இரண்டில் எதுவும் பொய் அன்று. பிளஸ் 2-வில் பெரும்பகுதி எழுதிக் காட்டுவது: படம் போட்டால் மதிப்பெண், வழிமுறை சரியாக இருந்தால் விடை தவறினாலும் மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. 2025 நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைவு, விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. 120 கேள்விகளைத் தொட்டு 90 சரியாகவும் 30 தவறாகவும் போட்டவனுக்கு 330 வரும். 100 மட்டும் தொட்டு 88 சரி, 12 தவறு என்று போட்டவனுக்கு 340 வரும். குறைவாக எழுதியவன் எப்படி அதிகம் வாங்குகிறான் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். குறை விழுந்த துணிக்குக் கூலியில் பிடித்தம் பார்த்தவருக்கு இது சட்டென்று விளங்கும்.

பதில் 2: தோப்புக்காரம்மா, பொள்ளாச்சி

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் பர்சன்டைல் வரைக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நானும் பத்தாவது படித்த தாய்தான். எங்களுக்குள்ள பயம் கணக்கைப் பற்றியது அன்று. பணம் எப்போது கட்ட வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், கட்டிய பிறகு இடம் மாறினால் திரும்ப வருமா, நங்கையாளும் கொழுந்தனாரும் கேட்டால் என்ன சொல்வது என்பவற்றைப் பற்றியது. உங்கள் அம்மா தூங்காமல் இருப்பது நீட் மதிப்பெண்ணை நினைத்து இருக்காது தங்கச்சி. கோச்சிங்குக்குக் கேட்கப் போகும் தொகையை நினைத்துத்தான் இருக்கும். அந்த ஒரு வருடத்தைப் பற்றி முதலில் பேசுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். பிளஸ் 1 பாடத்தைப் பேருக்கு நடத்திவிட்டு, முதல் ஆண்டிலேயே பிளஸ் 2 பாடத்துக்குப் போய்விட்டார்கள். பிளஸ் 2-வில் நல்ல மதிப்பெண் வந்தது. நீட் கேள்விகளோ இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருபவை, அதில் சறுக்கிவிட்டாள். தகுதி பெற்றுவிட்டாள் என்று குறுஞ்செய்தி பார்த்ததும் அவளுடைய அப்பா தோப்பில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். தகுதி என்றால் இடம் என்று நினைத்துவிட்டோம். நாடு முழுவதும் 12 லட்சத்துக்கு மேல் தகுதி பெறுகிறார்கள், எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 லட்சத்துச் சொச்சம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் நீட் எழுதிவிட்டால் போதாது, மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது இன்னும் பிறகு தெரிந்தது.

நீட் முடிவுக்காகக் காத்திருந்த அதே வாரங்களில் கால்நடை மருத்துவத்துக்கான விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால், மகளே பார்த்துச் சொல்லி விண்ணப்பித்தோம். உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணைக் கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது வீட்டுக்கு வந்தால் எங்கள் மாட்டுக்கு அவள்தான் வைத்தியம். உடுமலையிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. உயிரியல் படிக்கும் உங்கள் தம்பிக்கு இந்த வழியும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்து வழியும் திறந்தே இருக்கின்றன என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்தால் தாய்க்குத் தூக்கம் வரும்.

பதில் 3: இ-சேவை மையம் நடத்துபவன், அவிநாசி

சகோதரி, இவர்கள் இருவரும் படிப்பைப் பற்றிச் சொன்னார்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். மே, ஜூன் மாதங்களில் என் கடைக்கு வந்து அழுதுவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மதிப்பெண்ணுக்காக அழுபவர்கள் அல்லர்.

முதலாவது கைபேசி எண். பெற்றோரிடம் சாதாரண போன்தான் இருக்கிறது என்று, அவசரத்தில் கடைக்காரருடைய எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துக் கலந்தாய்வில், விரும்பும் கல்லூரிகளின் வரிசையைப் பதிவு செய்யும் நாளில் ஓ.டி.பி. அந்தக் கடைக்காரருக்குப் போகிறது. அவர் அன்றைக்குப் பழனிக்குக் காவடி எடுத்துப் போயிருப்பார். சாதாரண போனுக்கும் ஓ.டி.பி. வரும். அப்பாவுடைய எண்ணையே கொடுங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு முடியும் வரை சிம்மை மாற்றாதீர்கள்.

இரண்டாவது பெயர். நம் வழக்கத்தில் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ஒரு எழுத்தாக இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். மத்தியத் தேர்வுகளின் விண்ணப்பத்தில் இது இடிக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது சாதிச் சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. என்று நம்மிடம் இருப்பது மாநிலச் சான்றிதழ். பொறியியல் கலந்தாய்வுக்கு அது போதும். நீட், ஜே.இ.இ. தேர்வுகளின் மத்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். அதற்கு உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். விவசாய வருமானத்தையும் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது தெரியாமலேயே பலர் தங்களுக்குக் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். நில அளவுக்கு மட்டும் தனி வரம்பு இருக்கிறது.

நீங்கள் கேட்ட முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருகிறேன். குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் யாரும் இருக்கக் கூடாது. நீங்கள் பி.காம். முடித்துவிட்டீர்கள், ஆகவே தம்பிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. தவறாக எழுதிக் கொடுத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கோபி

இ-சேவை மையத் தம்பி சொன்னது உண்மை. ஆனால் அதற்காக வருத்தப்பட வேண்டாம் அம்மணி. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய சொத்து. அப்படிப் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கலந்தாய்வு வழியாக அதில் இடம் பெறுகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையைவிட இது பல மடங்கு பெரியது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிவைத்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தான் என்பதற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்காரம்மா சொன்னதையும் ஏற்கிறேன். பிளஸ் 1 பாடத்தைத் தாண்டிப் போகும் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-இல் அதற்குப் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அது நீக்கப்பட்டிருக்கிறது. பழைய பழக்கம் திரும்பாமல் பெற்றோர்தான் பள்ளியில் கேட்க வேண்டும்.

பதில் 5: பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன், கோவை

அக்கா, இரண்டு செய்திகள் மட்டும். ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை நடக்கும். இரண்டில் எது நன்றாக வந்ததோ அதையே எடுத்துக்கொள்வார்கள். கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. ஆனால் என்.ஐ.டி.யில் சேரப் பொதுவாகப் பிளஸ் 2-வில் 75 சதவீதமும் வேண்டும் என்பதனால் பொதுத் தேர்வை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

கலந்தாய்வில் கல்லூரி வரிசையைப் போடும்போது என் அப்பா, "நமக்குக் கெடைக்கறத மொதல்ல போடு, ஆசப்பட்டத அப்பறம் போடு" என்றார். அது தவறு. மேலே இருப்பதிலிருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார்கள். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆசைப்பட்டதை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழு இரவு ஆயிற்று.

கேள்வி கேட்டவர்: தறிக்காரர் மகள், பல்லடம்

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திய பிறகு நால்வரும் உட்கார்ந்தோம். அம்மாவிடம் முதலில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, 7.5 சதவீதம் மூன்றையும் சொன்னேன். கோச்சிங் பேச்சை முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். மாமாவிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி. அப்பாவிடம் அந்த 330, 340 கணக்கைப் போட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவனுக்குத் தெரியாதத விட்டுப்போட்டு வரச் சொல்லோணும்" என்றார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு.

பாவு வந்த தேதியும் கூலிக் கணக்கும் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தேர்வு நாட்களையும் விண்ணப்பக் கடைசி நாட்களையும் எழுதச் சொல்லி அப்பா கோடு போட்டு வைத்திருக்கிறார். பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆதாரில் தம்பியின் பிறந்த மாதம் தவறாக இருக்கிறது, நாளை திருத்தப் போகிறோம். அப்பா கேட்கச் சொன்ன ஒரு சந்தேகம்: கல்லூரி வரிசையைப் பதிவு செய்யும் அன்றைக்குக் கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது?

பதில் 6: இ-சேவை மையம் நடத்துபவன், அவிநாசி

தறி ஓட்டுபவர் கேட்க வேண்டிய கேள்விதான். அது ஒரே நாளில் முடிகிற வேலை அன்று. அந்தச் சுற்றுக்குக் கொடுத்திருக்கும் நாட்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வரிசையை மாற்றிச் சேமிக்கலாம். வீட்டில் வசதி இல்லாதவர்களுக்காகப் பொறியியல் சேர்க்கை உதவி மையங்களும் மாவட்டந்தோறும் இருக்கின்றன. முதலில் தாளில் எழுதி, நால்வரும் பார்த்த பிறகு கணினியில் ஏற்றுங்கள். என் கடைக்கு வருவதானால் கடைசி நாள் மாலையில் மட்டும் வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அன்றைக்கு நிற்கக்கூட இடம் இருக்காது.